காங்கயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை: வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்விகளும் எங்களுக்குத் தெரிஞ்ச பதிலும்

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) காலத்துச் சாளைய நாலு வருஷமா கையில காசு இருக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிட்டு இருக்கோம். பாக்க வர்ற சொந்தக்காரங்க, ஆர்க்கிடெக்சர் படிக்கற பசங்க, கல்யாண போட்டோவுக்கு எடம் தேடி வர்றவங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்வியத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் திண்ணைல உக்காந்து முதல்ல இருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரு எடத்துல எழுதி வெச்சிடலாம்னு.

சாளைன்னா என்னங்க? ஃபார்ம் ஹவுஸா?

ஃபார்ம் ஹவுஸ்னு சொன்னா எங்க அப்பத்தா சிரிச்சிருக்கும். சனி ஞாயிறு போயி ரெஸ்ட் எடுக்கற எடம் இல்லைங்க இது, வருஷம் 365 நாளும் ஆளும் மாடும் சேந்து பொழச்ச எடம்.

கொங்குல நெலத்துக்கு மூணு பேரு. ஆத்துப் பாசனம், வாய்க்காப் பாசனம் இருந்தா வயல். மழைய நம்புனது காடு (மரம் அடர்ந்த காடு இல்ல, மானாவாரி பூமி). கெணறு வெட்டி எறைச்சா அது தோட்டம், அதுல பூச்செடி ஒண்ணு கூட இல்லாட்டியும் தோட்டம்தான். அந்தத் தோட்டத்துல ஆள் தங்கறதுக்குப் போட்ட குடிசை தான் சாளை. ஆரம்பத்துல எல்லாருக்கும் வீடு ஊருக்குள்ள, வளவுல, சொந்தபந்தத்தோட ஒட்டி ஒட்டித்தான் இருந்துச்சு. கெணறு வெட்டுனதுக்கு அப்பறம் ராத்திரி பகல்னு மாட்டப் பாக்கணும், விடியறதுக்கு முன்னாடி தண்ணி எறைக்கணும், அதனால ஆளுக ஒவ்வொருத்தரா தோட்டத்துக்கே குடி வந்தாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் பாத்தீங்கன்னா வீடெல்லாம் தெருவா இருக்கும், நடுவுல ஒரே வயலா கெடக்கும், இங்க அப்படி இல்லாம அரை மைலுக்கு ஒரு சாளைன்னு செதறிக் கெடக்கறதுக்குக் காரணம் இதுதான், கெணறு எங்கயோ வீடு அங்க.

சாளைங்கற பேரு மட்டும் மாறவே இல்ல. ஓலைக் குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மாடி வெச்ச தொட்டிக்கட்டா (நடுவுல தொறந்த முத்தம் விட்ட வீடு) ஆன பிறகும் "சாளைல இருக்கறாங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

எந்த வருஷம் கட்டுனது? எப்படித் தெரியும்?

1911-ம் வருஷம் தை மாசம் வாக்குல. இத இவ்வளவு தெகிரியமா சொல்றதுக்கு மூணு மாசம் அலைஞ்சோம்.

ஆசாரத்து (முன்கூடம்) உத்தரத்துல "சாதாரண வருஷம் தை மாசம்"னு செதுக்கி இருக்கு. பாத்த உடனே சந்தோசப்பட்டோம், அப்பறம்தான் ஒறச்சுது, தமிழ் வருஷப் பேரு 60 வருஷத்துக்கு ஒருக்கா சுத்தி வரும்ல, அப்ப 1850-ல தொடங்குன சாதாரணவா, 1910-ஆ, 1970-ஆ? எங்கப்பா இந்த வீட்டுல பொறந்தவரு, அதனால 1970 அடிபட்டுப் போச்சு. மிச்ச ரெண்டுல எதுன்னு சொன்னது கூரைதாங்க. கைமரம், ரீப்பர் எல்லாமே ஆரம்பத்துல இருந்தே மங்களூர் ஓட்டு அளவுக்கு இடைவெளி விட்டு அடிச்சது, நாட்டு ஓட்டுக்கு அடிச்சு பின்னாடி மாத்துன தடயம் எதுவும் இல்ல. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சதே 1865-ல, அதனால 1850 நடக்கவே நடக்காது. அது போக ட்ரங்குப் பெட்டில ஒரு அடமானப் பத்திரம் கெடச்சுது, "ஓட்டு வில்லை வீடு ஒன்று"ன்னு எழுதி பசலி 1322 போட்டிருந்துச்சு.

பசலிங்கறது நெலவரிக் கணக்கு வருஷம், அதப் பாத்தா பயப்படாதீங்க, 590-ஐக் கூட்டுங்க அவ்வளவுதான். 1322-ன்னா 1912 ஜூலைல ஆரம்பிச்சு 1913 ஜூன் வரைக்கும். கிஸ்தி ரசீது, அடங்கல், பழைய பத்திரம் எல்லாத்துலயும் இந்தக் கணக்கு வரும்.

ஓட்டுக்கு அடியில இருக்கற முத்திரைய மட்டும் வெச்சு வருஷம் சொல்லாதீங்க. ஓடு ஒரு வீட்ட விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகும், பழைய ஓட்ட வாங்கிப் போடறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. சிமெண்ட் இருக்கான்னு பாருங்க, அது கொஞ்சம் நம்பலாம். மதுக்கரைல சிமெண்ட் ஃபேக்டரி வந்தது 1934-ல, அதுக்கப்பறம்தான் நம்ம பக்கம் சாதாரண ஆளுக கையில சிமெண்ட் மூட்டை வந்துச்சு. எங்க வீட்டுல முதல் சிமெண்ட் இருக்கற எடம் எது தெரியுங்களா, மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி.

வீட்டுக்கு முன்னாடியே மாட்டுக் கட்டுத்தரையா? பின்னாடி தள்ளி வெச்சிருக்கக் கூடாதா?

இதத் தலகீழா கேக்கணும். கட்டுத்தரைக்கு முன்னாடி எதுக்கு வீட்டக் கட்டுனாங்கன்னு கேளுங்க.

எங்க தோட்டத்துல முதல்ல வந்தது கெணறு. ரெண்டாவது கட்டுத்தரை, கல்லுக்கால் நட்டு மேல ஓலை போட்டது. அப்பறம் களம், தட்டுப்போரு (மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்கற போரு) போடற எடம், குப்பக்குழி. கடைசியாத்தான் வீடு, அதுவரைக்கும் ஆளுக மாடு பக்கத்துல கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டாங்க. வீட்டோட திண்ணை எந்தப் பக்கம் பாக்குதுன்னு நின்னு பாருங்க, தெக்கு வாசல் கெழக்கு வாசல் சாஸ்திரமெல்லாம் அப்பறம், திண்ணைல படுத்துட்டுத் தலைய மட்டும் தூக்குனா மொத்தக் கட்டுத்தரையும் தெரியும். மாட்டுத் திருட்டு பயம். ஒரு ஜோடி காங்கயம் காளை போச்சுன்னா அந்த வருஷம் தண்ணி எறைப்பு போச்சு, வெள்ளாமை போச்சு, கடன் வந்துச்சு.

காங்கயம் மாட்டப் பத்திச் சொல்லாம இந்த வீட்டப் பத்திப் பேச முடியாது. கன்னா பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசத்துக்கு மேல சாம்பல் நெறத்துக்கு மாறும், நல்ல வண்டிமாடு, எறைக்கற மாடு, கொஞ்சம் வறட்சியா இருந்தாலும் தாங்கும். 1900-களோட ஆரம்பத்துல பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெரிய மந்தை வெச்சு இந்த இனத்தப் பொறுக்கி வளத்தாரு, பழையகோட்டை மாடுன்னே ஒரு பேரு உண்டு. அந்த மாதிரிப் பண்ணைய ஒப்பிட்டா எங்களது ஒண்ணும் இல்ல, எட்டு ஜோடி கட்டற எடம். ஆனா தரைய பாருங்க, பலகைக்கல்லு பாவி, பின்னால ஒரு சாண் சரிவு, கோமியம் எல்லாம் ஒரே ஓடைல சேந்து நேரா குப்பக்குழிக்குப் போகும். வீட்டுக்குள்ள குளிக்கற ரூமுக்கு இவ்வளவு நல்ல வாட்டம் கெடையாதுங்க, மெய்யாலுமே.

கெணத்து மேட்டுல இருந்து சரிஞ்சு எறங்கற அந்தப் பாதை எதுக்கு? வண்டி எறக்கவா?

அது வாரி. கவலை ஓட்டுன எடம் (வேற பக்கம் கமலைம்பாங்க).

கெணத்து ஓரத்துல ரெண்டு கல்லுக்கால் நிக்குது பாருங்க, அதுக்கு நடுவுல மேல ஒரு உருளை, கீழ தொட்டி வாய்ல இன்னொரு உருளை. சால்னு ஒரு இரும்புப் பாத்திரம், அதுக்கு அடியில தும்பின்னு தோல் குழாய். சாலுக்கு வடக்கயிறு, அது மேல் உருளை வழியா வரும். தும்பிக்கு வால்கயிறு, அது கீழ் உருளை வழியா. ரெண்டு கயிறும் நுகத்துல வந்து சேரும். மாடு வாரில எறங்க எறங்க சால் மேல வரும், தும்பி மடங்கி வாய் மேல பாத்தபடி இருக்கறதுனால தண்ணி கொட்டாது, மேல வந்த உடனே சால் இன்னும் ஒசரமாப் போகும், தும்பி மட்டும் தொட்டிப் பக்கம் நீண்டு தண்ணிய ஊத்திரும். ஓட்டறவரு எறங்கறப்ப வடக்கயித்து மேல உக்காந்துக்குவாரு, அவரு வெயிட்டும் மாட்டுக்கு ஒத்தாசை. அப்பறம் மாடு திரும்பாம பின்னாடியே நடந்து மேட்டுக்கு வரணும். அந்தப் பின்நடைதான் மாட்டப் பழக்கறதுல பெரும்பாடு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம் ஒண்ணு இருக்கு. மாடு எவ்வளவு தூரம் எறங்குதோ அவ்வளவு ஒசரம்தான் சால் ஏறும், ஒரே கயிறு தானே. அப்ப வாரியோட நீளத்த அளந்தா, அந்தக் காலத்துல தண்ணி எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சுன்னு தெரிஞ்சிரும். டேப் வெச்சு அளந்தோம், மொதல்ல போட்ட வாரி 34 அடி. அதுக்கப்பறம் கீழ்ப்பக்கம் மண்ண வெட்டி நீட்டியிருக்காங்க, ஒட்டுப் போட்ட எடம் கல்லு வரிசைல நல்லா தெரியுது, நீட்டுன பிறகு 47. அதாவது அப்பவே தண்ணி கீழ போக ஆரம்பிச்சாச்சு. ஒரு பத்திரத்துலயும் எழுதாத கணக்கு அது.

பழைய சாளை எதையாச்சும் பாக்கப் போனீங்கன்னா வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாரிய அளந்துட்டுப் போங்க.

நடுவுல தொறந்து கெடக்குதே, மழை உள்ள வராதா?

வரும். வரட்டும்னுதான் விட்டிருக்காங்க. அதுதான் தொட்டி, அத வெச்சுத்தான் தொட்டிக்கட்டு வீடுங்கற பேரே. நாலு பக்கத்துக் கூரையும் உள்ள பாத்து சரியும், தண்ணி தொட்டிக்குள்ள விழுந்து ஒரு மூலைல இருக்கற தூம்பு வழியா வெளிய போயிரும். இந்தப் பக்கம் வருஷத்துக்கே 600, 700 மில்லிமீட்டர் மழைதாங்க, அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழைல. மீதி மாசம் பூரா அந்தத் தொறப்பு வெளிச்சத்துக்கும் காத்துக்கும்தான். சூடான காத்து அது வழியா மேல போகும், கெழக்கு நடை (வாசல் வழி) வழியா புதுக்காத்து உள்ள வரும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிய இருந்து உள்ள வந்து நின்னு பாருங்க, நான் சொல்லி விளங்காது.

தொட்டியச் சுத்தி நிக்கற மரத்தூண் எதுவும் தரையத் தொடல, கவனிச்சீங்களா? எல்லாத்துக்கும் அடியில ஒரு அடி ஒசரத்துக்குக் கல்லு. கரையானும் ஈரமும் கல்லத் தாண்டி ஏறக் கூடாதுன்னு.

மேக்குச் சுவத்துல ஒரு சன்னல் கூட இல்லையே, மறந்துட்டாங்களா?

பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கோம். ஆனில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் காத்து வாங்கு வாங்குன்னு வாங்கும், ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க. மேக்க சன்னல் வெச்சா வீடு பூரா புழுதி, அடுப்புல நெருப்பு நிக்காது. அதனால மேக்க கெட்டிச் சுவரு, அந்தப் பக்கத்து எறவாரத்தையும் ஆள் குனிஞ்சு போற அளவுக்கு எறக்கி விட்டுட்டாங்க. அதே காத்துக்குத்தான் களத்த வீட்டுக்கு மறைவு இல்லாம திறந்த எடத்துல வெச்சாங்க, தூத்தறதுக்கு. எங்க ஊரச் சுத்தி இப்ப நிக்கற காத்தாடி ஃபேன் எல்லாம் இந்தக் காத்த நம்பித்தானே.

சுவரு எதுல கட்டுனது? முட்டை ஊத்திக் கட்டுனாங்களாமே?

முட்டைக் கேள்வி வாரத்துக்கு ரெண்டு தடவ வரும். செட்டிநாட்டு வீடுகள்ல கடைசிப் பூச்சுக்கு, பளபளன்னு கண்ணாடி மாதிரி வரணும்னு, முட்டை வெள்ளைக்கரு சேத்தது உண்டு. இது பண்ணையத்துக்காரங்க வீடு, முட்டை இருந்திருந்தா பசங்களுக்குக் குடுத்திருப்பாங்க.

எங்க சுவரு இடுப்பளவுக்குக் கருங்கல்லு, அதுக்கு மேல மண்ணு. செம்மண்ண மிதிச்சு மிதிச்சு அடுக்கு அடுக்கா வெச்சுக் காய விட்டு ஏத்துனது, கிட்டத்தட்ட ரெண்டடி கனம். அதுக்கு மேலதான் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புக்கு எங்கயும் போகல, நம்ம காட்டுல ஏர் ஓட்டுனா சுக்காங்கல்லு தானா மேல வரும், அதப் பொறுக்கிக் காளவாய்ல சுட்டு, நீத்து (தண்ணி ஊத்திப் பொரிய விட்டு), மணல் சேத்து அரைச்சுப் பூசுனாங்க. கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வெச்ச தண்ணிய அதுல விட்டுக்குவாங்க, ஒட்டறதுக்கும் வெடிப்பு விடாம இருக்கறதுக்கும். மாடி ரூம் ஒண்ணு மட்டும் மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரத்து மேல செங்கல்லக் குத்துக்கல்லா, குறுக்குச் சாய்வா அடுக்கி, அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்குல கட்டையால அடிச்சது. அந்த ஒரு ரூம் எங்க குடும்பத்தோட பந்தா, வேற காரணம் எதுவும் சொல்றதுக்கு இல்ல.

இவ்வளவு தேக்கும் ஓடும் அந்தக் காலத்துல எப்படி வந்துச்சு?

ரயில்ல. மெட்ராஸ்ல இருந்து ஈரோடு, போத்தனூர் வழியா மலபார்ல பேப்பூர் வரைக்கும் 1862-லயே லைன் முழுசா போட்டாச்சு. அந்தப் பக்கம் மலபார் ஓடு, நிலம்பூர்த் தேக்கு, இந்தப் பக்கம் ஸ்டேஷன்ல இருந்து மாட்டு வண்டி. ஆனா தேக்கு கண்ணுக்குத் தெரியற எடத்துல மட்டும்தான் இருக்கும், நடை, நெலவு, ஆசாரத்து உத்தரம். பின்கட்டுக்குப் போனீங்கன்னா எல்லாம் பனஞ்சட்டமும் வேம்பும்தான், அதுவும் கெட்டுப் போகாம நல்லாத்தான் இருக்கு.

தானியத்த எங்க வெச்சாங்க?

அன்னாடம் எடுக்கறது குதிர்ல. மச்சுக்கு ஏத்துனது வெதை. வருஷக்கணக்குல வெக்கறது குழில, அதுதான் பலருக்கும் தெரியாது. களத்து ஓரத்துல மேடான எடமாப் பாத்து, தண்ணி ஊறாத கெட்டி மண்ணுல, வாய் சிறுத்து வயிறு பெருத்த மாதிரி குழி வெட்டி, சுத்தியும் வைக்கோல் இல்லன்னா சோளத்தட்டு வெச்சு, சோளத்தக் கொட்டி மேல மண்ணப் போட்டு மெத்திருவாங்க. உள்ள காத்து போகாது, தானியம் இருக்கற கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனையும் உறிஞ்சிரும், அப்பறம் வண்டு எப்படிப் பொழைக்கும். ஆனா அதே காரணத்துக்குத் தொறந்த உடனே ஆள் எறங்கக் கூடாது, ஒரு நாள் தொறந்து போட்டு, வெளக்க எறக்கிப் பாத்து, அணையலன்னாத்தான் எறங்கணும். அணைஞ்ச குழில எறங்கிச் செத்த கதை நம்ம பக்கம் நெறைய வீட்டுல சொல்லுவாங்க.

எங்க குழி ரெண்டையும் மூடிட்டோம். பசங்க வெளையாடற எடம்.

இந்த வீட்டுக்குள்ள எல்லாரும் வந்து போனாங்களா?

இல்ல. இந்தக் கேள்விய யாராவது கேக்கணும்னு இருந்தேன், காலேஜ்ல இருந்து வந்த ஒரு பொண்ணுதான் முதல்ல கேட்டுச்சு.

இந்தக் கெணத்த வெட்டுனது, பாறைய ஒடச்சது, கட்டுத்தரைய நெதம் கூட்டுனது, சாலுக்கு தும்பி தெச்சது, வடக்கயிறு திரிச்சது, சுவத்து மண்ண மிதிச்சது, முக்காவாசி பண்ணையத்து ஆளுக. பெரும்பாலும் மாதாரி (அருந்ததியர்) குடும்பம், வருஷக் கூலிக்கு, தானியமா அளந்து குடுப்பாங்க. அவங்களுக்கு நடைக்கு இந்தப் பக்கம் வர அனுமதி இல்ல, திண்ணைல உக்காரக் கூடாது. பொடக்காளி (கொல்லைப்புறம்) பக்கமா ஒரு தனித்தடம் இருக்கு பாருங்க, வேலி ஓரமா சுத்தி வரும், அது அவங்க நடக்கறதுக்குன்னே விட்டது. பின்சுவத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு மாடக்குழி இருக்கு, வெளக்கு மாடம்னு நெனச்சு எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க, அது அவங்களுக்கு சோறு தண்ணி ஊத்தற செரட்டை வெக்கற எடம்னு எங்கப்பாவே சொன்னாரு, சொல்றப்ப மொகத்தப் பாக்கல. 1955-ல தீண்டாமைக்குத் தண்டனைச் சட்டம் வந்துச்சு, வந்தும் எத்தனையோ வருஷம் அந்தக் குழி சும்மா இருக்கல.

ரிப்பேர் பண்றப்ப அத அடச்சிரலாம்னு சித்தப்பா சொன்னாரு. வேண்டாம்னுட்டோம். கட்டடத்தோட வரலாறு வேணும்னு ஆசைப்பட்டா உத்தரத்துல செதுக்குனது மட்டும் வரலாறு கெடையாது, அந்தக் குழியும் அதே கட்டடத்துல தான் இருக்கு.

பொம்பளைகளுக்கு எந்த எடம்?

பகல்ல அடுப்படி, பொடக்காளி, கட்டுத்தரை, காடு, அதாவது எல்லா எடமும், திண்ணையத் தவிர. மாசத்துல மூணு நாள் ஓரத்து ரூம். அப்பத்தா அந்த மூணு நாளப் பத்திப் பேசறப்ப மட்டும் குரல் கொஞ்சம் சந்தோசமாவே இருக்கும், வேல இல்லைல.

சுத்தி வேலி ஏன் செடியாவே விட்டிருக்கீங்க? காம்பவுண்ட் போடலயா?

அது கிளுவை. குச்சிய வெட்டி மழைக்கு முன்னால ஊனி விட்டா துளுத்துக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி நாலஞ்சு வருஷத்துல ஆடு கூட நுழையாது. காங்கயம், வெள்ளகோயில், மூலனூர்ப் பக்கம் மேய்ச்சலுக்குன்னே விட்ட கொறங்காடுக எல்லாம் இந்த வேலிதான், உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல நடுவுல வெள்வேல மரம். காட்ட நாலஞ்சு துண்டாப் பிரிச்சு வேலி போட்டு, ஒரு துண்டுல மேய விட்டு, புல்லு கொறைஞ்சா அடுத்ததுக்கு மாத்துவாங்க. ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம் இட்டேரி. மயிலு, கீரி, ஒணான், கோவப்பழம்னு எங்க லீவு நாளெல்லாம் இட்டேரிலதான் போச்சு. இப்ப பாதிக்கு மேல கம்பி வேலி ஆயிப்போச்சு.

இவ்வளவு பெரிய பண்ணை எப்படிச் சுருங்குச்சு?

ஒரே நாள்ல இல்ல. ஆனா ஆரம்பம் எதுன்னு கேட்டா நான் கரண்ட்டத்தான் சொல்லுவேன். 1932-ல பைக்காரா மின்சாரம் வந்துச்சு, கோயமுத்தூர்ல மில்லு பெருகுச்சு, கூடவே மோட்டாரும் பம்பும் அங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. எங்க தோட்டத்துக்கு லைன் வந்தது ரொம்பப் பின்னாடி, அப்பாவுக்கு விவரம் தெரிஞ்ச வயசு. மோட்டார் போட்ட அன்னைக்கு அப்பாரு வெத்தலை பாக்கு வெச்சு சாமி கும்பிட்டாராம், அடுத்த வருஷம் கண்ணபுரம் சந்தைக்கு நாலு ஜோடிய ஓட்டிட்டுப் போயி வித்துட்டாராம். மாடு போச்சுன்னா என்ன ஆகும் யோசிங்க, கட்டுத்தரை சும்மா கெடக்கும், தட்டுப்போரு தேவையில்ல, குப்பை கொறையும், தும்பி தெக்கறவருக்கும் கயிறு திரிக்கறவருக்கும் வேலை போகும், அவங்க பசங்க திருப்பூர் போயிருவாங்க. போனதுல அவங்களுக்கு நல்லதுதான். வீட்டச் சுத்தி இருந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் இருந்த காரணம் ஒண்ணு ஒண்ணா கழண்டு போச்சு, மிஞ்சுனது வீடு மட்டும், அது தான் இருக்கறதுலயே காரணம் கம்மியா இருந்த கட்டடம்.

நெலத்த எடுத்துக்கிட்டா 1961-ல உச்சவரம்புச் சட்டம், அஞ்சு பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல அது 15 ஆச்சு. எங்களுக்கு அதுல போனத விட பாகப்பிரிவினைல துண்டானதுதான் ஜாஸ்தி. பத்திரத்தப் படிச்சா சிரிப்பும் வரும் அழுகையும் வரும்: "கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், மாமூல் தடப் பாத்தியமும்"னு எழுதி, ஆசாரத்துக்கு நடுவுல ஒரு சுவரு எழுப்பிட்டாங்க. 1989-ல தமிழ்நாட்டுல பொண்ணுகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, எங்க அத்தைக ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க, அதனால அந்தச் சட்டத்துல அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அந்த நடுச்சுவர இப்ப எடுத்துட்டோம், எடுக்கறதுக்குக் கட்டுனதவிட ரெண்டு மடங்கு பேச்சுவார்த்தை.

பழைய சுவத்து மேல சிமெண்ட் பூசுனா கெட்டியா இருக்கும்ல?

வேண்டாம். தயவு செஞ்சு வேண்டாம். நாங்க பண்ணிட்டுப் பட்டோம்.

2000-களோட தொடக்கத்துல வடக்குச் சுவத்துல பூச்சு உதிருதுன்னு ஒரு கொத்தனாரக் கூப்பிட்டு சிமெண்ட் பூசியாச்சு. மூணு மழைக்காலம் தாங்குச்சு. மண் சுவரு தரைல இருந்து ஈரத்த உறிஞ்சும், உறிஞ்சுனத மேல விடும், சுண்ணாம்பு அதுக்கு வழி விடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளயே நின்னு மண்ணு ஊறிப்போயி, பூச்சு பலகை பலகையா மண்ணையும் பிச்சுக்கிட்டு வந்துச்சு. இன்னொண்ணு, மண் சுவரு வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும், சிமெண்ட் அசையாது, வெடிச்சிரும். அதச் சொரண்டி எடுத்து, சுண்ணாம்பு நீத்தி, ஊற வெச்சு, மெல்லிசா மூணு தடவையா பூசுனோம். சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட எடுத்துத்தான் கல்லா மாறும், அதுக்கு நாளாகும், அவசரப்பட்டு ரெண்டாவது பூச்சு பூசிராதீங்க, நனைச்சுக்கிட்டே இருங்க. ஓட்டுக்கு வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி ஆள ஏத்தி ஒடஞ்சது நகந்தத மாத்துங்க, ஒரு ஓடு நகந்தா ஒரு கைமரம் போகும்.

அந்த வேலை தெரிஞ்ச ஆள் கெடைக்கறதுதான் கஷ்டம். எங்களுக்குக் கெடச்சவரு 70 வயசுக்காரரு, ஏணில ஏற மாட்டேன்னு கீழ இருந்தே பையனத் திட்டித் திட்டி வேல வாங்குனாரு.

எங்க தாத்தா வீடும் இதே மாதிரி இருக்கு, எதுல ஆரம்பிக்கறது?

இடிக்கறதா முடிவு பண்ணியிருந்தாலும் சரி, அதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க. வயசான ஆள் யாராவது இருந்தா வீடு பூரா கூட்டிட்டு நடங்க, ஃபோன்ல ரெக்கார்ட் போட்டுட்டு, ஒவ்வொரு எடத்துலயும் "இங்க என்ன பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேளுங்க, வருஷம் கேக்காதீங்க, வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்பறம் பேப்பரு. 1979-ல ஆரம்பிச்ச யூடிஆர் (நெலப் பதிவேடுகளப் புதுப்பிக்கற) திட்டத்துல சர்வே நம்பரு, பேரு எல்லாம் மாறியிருக்கும், அதனால புதுப் பட்டாவ வெச்சுப் பழைய பத்திரத்தத் தேடாதீங்க, பழைய நம்பர் புது நம்பர் ஒப்பிட்டுப் பாருங்க. நாலெல்லை எழுதியிருக்கற வரிய மட்டும் நாலு தடவ படிங்க, "இட்டேரிக்குக் கிழக்கு, கவலைக் கிணற்றுக்கு வடக்கு"ன்னு அதுல இருக்கற எடமெல்லாம் இப்ப இருக்கான்னு நடந்து பாருங்க. வீட்டுக்கு மட்டும் பிளான் போட்டுட்டு நிறுத்திராதீங்க, கட்டுத்தரை, களம், வாரி, குப்பக்குழி, தடம் எல்லாத்தையும் ஒரே தாள்ல வரைஞ்சாத்தான் வீடு ஏன் அப்படி நிக்குதுன்னு தெரியும்.

ஹோம்ஸ்டே விடலாமே, நல்லா போகுமே?

இப்பத்தான் நடுச்சுவர எடுத்திருக்கோம், விட்டுருங்க.

கெணத்துல இப்ப தண்ணி இருக்குதா?

நல்ல மழைக்கு அப்பறம் ரெண்டு மூணு மாசம் நிக்கும், மீனு கூட விடுவோம். குடிக்கறதும் தென்னைக்குப் பாயறதும் போர்வெல், 900 அடி. அதுக்கு வாரி போட்டா வெள்ளகோயில் ரோட்டுக்குப் போயிரும்னு அப்பா சொல்லுவாரு.